கப்பல் வீட்டில் ஆளில்லை

விடியற்காலைக் கட்டடப் படக்காரர் என்றோர் இனம் கோயமுத்தூரில் இருக்கிறது. நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஆறு மணிக்கு மேல் எழுந்திருக்கும் நல்ல பழக்கம் உங்களுக்கு உண்டு என்று அர்த்தம். அதைக் கைவிடாதீர்கள்.

இவரை ஸ்டூடியோக்காரரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டூடியோக்காரர் பிழைப்புக்காக மனிதர்களைப் படம் எடுக்கிறார். "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சுகிறார். சிரிக்காதவர்களையும் கண்ணை மூடிக்கொள்கிறவர்களையும் சகித்துக்கொள்கிறார். நம்மவருக்கு அந்தத் தலைவிதி இல்லை. சொந்தத் தொழில் இருக்கிறது, ஜப்பான் கேமரா இருக்கிறது, மனிதர்கள் என்றால் ஆகாது. அவருக்கு வேண்டியது கட்டடம். அதுவும் சாதாரணக் கட்டடம் போதாது. சூலூர்ப் பக்கம் மொட்டை மாடியில் சிமெண்டு விமானம் நிறுத்திவைத்திருக்கும் தறிக்காரர் வீடு, அந்தியூர்ப் பக்கம் இரண்டு குதிரைத் தலை வைத்த வாசல், பல்லடம் ரோட்டில் கோபுரமும் கலசமும் வைத்துக் கட்டிய மோட்டார் ரூம், இப்படி யாரோ ஒருவர் ஆசைப்பட்டுக் கட்டி, ஊரார் சிரித்து ஓய்ந்து, பிறகு கண்ணுக்குப் பழகிப்போன ஒன்றாக இருக்க வேண்டும். காரை பெயர்ந்திருக்க வேண்டும். பெயரவில்லையா? பெயரும் வரை காத்திருப்பார்.

அடையாளம் சொல்கிறேன். பதினோரு பை வைத்த காக்கிக் கோட்டு. அதில் பத்துப் பைகளில் ஒன்றும் இருக்காது. பதினோராவதில் தலைவலித் தைலம் இருக்கும். ஸ்கூட்டரின் பின்சீட்டில், மனைவி உட்கார வேண்டிய இடத்தில், பழைய வேட்டி சுற்றிய முக்காலி உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்தியதும் கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு சட்டம் செய்து அதன் வழியாக வானத்தைப் பார்ப்பார். பிறகு, "லைட் இன்னும் வரலீங்க" என்பார். எல்லார் வீட்டுக்கும் வருகிற அதே சூரியன் தான். ஆனால் இவர் சொல்லும்போது, இவரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

மின்கம்பி இவருக்கு எதிரி. சுவரொட்டி எதிரி. கொடியில் காயும் பாவாடை பெரிய எதிரி. வாசலில் சைக்கிள் நிற்கிறதா? நகர்த்தச் சொல்வார். கோலம் போட்டிருக்கிறதா? ஒரு பெருமூச்சு விடுவார். வீட்டுக்காரரே வெளியே வந்து "என்ன விசேஷங்க?" என்று கேட்டுவிட்டால், தன் வீட்டுக்குள் அந்நியன் புகுந்ததைப் போல அவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கிராஸ்கட் ரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் இவர்களுடைய சங்கம் கூடும். விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு போடுவார்கள். ஒருமுறை தலைகீழாக விழுந்த ஸ்லைடை மூன்று பேர் எழுந்து பாராட்டி, நான்காமவர் அதன் தனிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் யாரோ திருப்பிப் போட்டார்கள். நேராகப் பார்த்த பிறகும் பாராட்டு குறையவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அங்கே சந்தா கட்டியவன் தான். வடை நன்றாக இருக்கும். எனக்கு எழுத வரும் என்று வேறு நம்பி, படங்களுக்குத் தலைப்பு வைக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி வேண்டுமென்றால் கிருபாசங்கரைப் பார்க்கலாம். பீளமேட்டில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய சொந்த வீடு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். இளம்பச்சை டிஸ்டெம்பர். சுவரில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தால் மறுநாளே ஆள் வந்துவிடும். சுவர் உரிவதன் அழகெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குத்தான். பெண்ணுக்குப் பஸ் பாஸ் எடுக்கப் போட்டோ வேண்டும் என்று அவர் மனைவி அம்புஜம் ஒரு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஹோப் காலேஜ் ஸ்டாப்பிலிருக்கும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மூஞ்சியெல்லாம் நான் எடுக்கறதில்லீங்க" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார் கிருபாசங்கர். சொன்னதற்கு நாங்கள் கை தட்டினோம்.

மனிதரை ஒழிக்க அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். லென்ஸின் கண்ணைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கி, விடியும் நேரத்து மங்கல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து, இரண்டு நிமிஷம் அப்படியே விட்டுவிடுவார். அந்த இரண்டு நிமிஷமும் அசையாமல் நிற்பதெல்லாம் பிலிமில் பதியும். சுவர் பதியும், தூண் பதியும், ஜன்னல் பதியும். நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள். தெருவில் இருபது பேர் போய்வந்தாலும் படத்தில் தெரு காலியாகத்தான் இருக்கும். சும்மா கிடக்கிறவை எல்லாம் படத்தில் இருக்க, வேலை செய்கிறவர்கள் மட்டும் இல்லாமல் போகிற ஏற்பாடு இது. இதற்குக் கலை என்று பெயர்.

தொண்ணூற்று நான்கு புரட்டாசியில் அவர் கண்ணில் கோட்டைமேட்டுக் கப்பல் வீடு பட்டது. அலுமினியப் பாத்திர வியாபாரி மைதீன் பிச்சையின் வீடு. பினாங்குக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய அவருடைய தகப்பனார், கடல் இருக்கும் திசைகூடத் தெரியாத இந்த ஊரில், மாடியைக் கப்பலின் முன்பக்கம் போல வளைத்து, வட்ட ஜன்னல்கள் வைத்து, இரும்புக் கம்பி அடைத்து, தண்ணீர்த் தொட்டியைப் புகைபோக்கி மாதிரி கட்டிவிட்டுப் போனார். உள்ளே மைதீன் பிச்சை, மனைவி சாஜிதா பேகம், மகள் ரிஃபானா என்று மூன்று பேர் குடியிருந்தார்கள். ரிஃபானாவுக்குச் சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை சுஃப்யானுக்கு ஆனைமலையில் தேங்காய் மண்டி. அவருடைய தாயார் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், அங்கேயே பேச்சை ஆரம்பித்துவிட்டார். வீட்டை மட்டும் இன்னும் வந்து பார்க்கவில்லை. வருவதற்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று வேலன் என்ற ஆளைப் பிடித்து, ஏணி சாத்தி, சுண்ணாம்பும் கரைத்தாயிற்று.

அந்த ஏணியின் கீழ்தான் கிருபாசங்கர் போய் நின்றார்.

"ஏனுங்க பெரியவரே, அந்தச் செவுத்த மட்டும் தொட்றாதீங்க! ஒரு ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க. அந்த டெக்ஸ்ச்சர் போச்சுன்னா போனதுதானுங்க."

மைதீன் பிச்சை சுவரைப் பார்த்தார். "டெக்ஸ்ச்சருன்னா என்னங்க?"

"அதானுங்க, அந்தப் பேந்துபோன காரை."

"அதை மறைக்கத்தானுங்களே இவரைக் கூட்டியாந்திருக்கேன்."

ஆனால் ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'ங்க' போட்டுக் கேட்கிற மனிதரிடம் இந்த ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்லிவிட முடியாது. வேலன் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் பொங்கல் வெள்ளையடிப்பு. அந்த நாட்களில் வேலனைப் பிடிக்க முடியுமா? தை பிறந்து பத்து நாள் ஆகும் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

படம் எடுத்த அன்று நானும் போயிருந்தேன். வாசலை ஒட்டித் தெருக்குழாய். மூன்று நாளைக்கு ஒருமுறை, விடியும் நேரத்தில் தண்ணீர் வரும். அன்று வந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். கிருபாசங்கர் நடுத்தெருவில் நின்று கத்தினார்: "அம்மணிகளா, நிக்காதீங்க! ஒண்ணு ஊட்டுக்குள்ள போயிருங்க, இல்லாட்டி நடந்துட்டே இருங்க! நின்னீங்கன்னாத்தான் படத்துல வந்துருவீங்க!" அந்தப் பெண்களும் சிரித்துக்கொண்டே, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். தண்ணீர் இரண்டு நிமிஷம் சாக்கடைக்குப் போயிற்று. சாஜிதா பேகம் வீட்டுக்கும் தெருவுக்குமாக நாலு முறை போய்வந்து, எங்களுக்கு டீயும் கொடுத்தார். படத்தில் ஒருவர்கூட இல்லை.

படம் அபாரமாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும். இளஞ்சிவப்பு வானம், கரை சேராத கப்பல், அநாதையாக ஒரு தெரு. ஒரு பம்பு கம்பெனி தன் தொண்ணூற்றைந்தாம் வருஷக் காலண்டரில் ஜனவரித் தாளுக்கு அதை வாங்கிக்கொண்டது. தலைப்பு வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்: "மனிதர் மறந்த மாளிகை. நாற்பது ஆண்டுகளாக விளக்கேற்றுவாரின்றி நிற்கும் கோட்டைமேட்டுக் கப்பல் வீடு." அந்த வீட்டு டீயைக் குடித்தவன் தான் எழுதினேன். படத்தைப் பார்த்தபோது அப்படித்தான் வந்தது.

பம்பு கம்பெனிக் காலண்டர் எங்கெல்லாம் போகும்? தோட்டக்காரர் வீட்டுக்குப் போகும், உரக்கடைக்குப் போகும், தேங்காய் மண்டிக்குப் போகும். ஆனைமலையில் சுஃப்யானின் கல்லாவுக்கு நேர் மேலே மாட்டினார்கள். கோட்டைமேட்டில் கப்பல் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றல்லவா பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்? மாப்பிள்ளையின் தாயார் அந்தத் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். "குடியில்லாத வீட்டை எங்க வீடுன்னு சொல்லியிருக்காங்களே, இன்னும் என்னென்ன சொன்னாங்களோ" என்றார். மைதீன் பிச்சை ஒருதரம் வந்து பார்க்கும்படி சொல்லியனுப்பினார். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. நம் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நோன்பு மாதம் பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் நிக்காஹ் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பேச்சே முடிந்துவிடும் என்ற நிலை. பெண்ணின் தலையில் ஒரு சொல் விழுந்துவிட்டால் அடுத்த இடம் எப்போது அமையும்?

மைதீன் பிச்சை பட்டறைக்கே போனார். கிருபாசங்கர் நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்தார். மரியாதைக்கு எந்தக் குறைவும் இல்லை.

"ரெண்டே வரி எழுதிக் குடுத்தாப் போதுங்க. அந்த வீட்ல ஆளுங்க இருக்காங்க, படம் உங்க கை வேலைன்னு."

கிருபாசங்கர் நெளிந்தார். "எழுதிப்போடலாமுங்க. அதுக்கென்னங்க. ஆனா பாருங்க, அந்தப் படம் இப்ப மெட்ராசுல ஒரு போட்டிக்குப் போயிருக்குது. கைவிட்ட கட்டடங்கள்னு தனியா ஒரு பிரிவுங்க. ஆளிருக்குதுன்னு நானே கையெழுத்துப் போட்டா, தூக்கிக் கடாசிருவாங்களே."

"எம்பொண்ணு கல்யாணமுங்க."

"புரியுதுங்க. நான் ஞாயித்துக்கெழமை வெடியால ஊட்டுக்கே வாரேன். ஒக்காந்து பேசி எழுதிக்கலாம்."

வந்தார். முக்காலியோடு வந்தார். தை முதல் வாரத்தில்தான் சூரியன் மாடியின் ஒரு வட்ட ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னல் வழியாக வெளியே வருமாம். அது தப்பினால் அடுத்த வருஷம்தானாம். கேமராவில் பனி விழாமல் குடை பிடிக்க நான் போயிருந்தேன். சாஜிதா பேகம் தட்டில் டீயும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக் கொண்டுவந்தார். கிருபாசங்கர் டீயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"மொதல்ல படமுங்க அம்மணி, லைட்டு போயிரும். அப்புறம் எழுதிக்கலாம். எல்லாரும் உள்ள போயி, கதவச் சாத்தி, லைட்ட அணைச்சுப்போடுங்க. சத்தங்கித்தம் வேண்டாம்."

"இன்னிக்குத் தண்ணி வர்ற நாளுங்களே."

"ஒரு பத்து நிமிசமுங்க."

மூவரும் தங்கள் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். கிருபாசங்கர் மூடியைத் திறந்தார். திறந்த அதே நேரத்தில், உக்கடம் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து தாயும் மகளுமாக இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். மூத்தவர் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். வாசலுக்கு எதிரே நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார். கையில் நாலாக மடித்த ஒரு காலண்டர் தாள்.

"ஏனுங்க, கப்பல் வீடு இதுதானுங்களா? உள்ளே யாரு இருக்காங்க?"

கிருபாசங்கர் திரும்பவேயில்லை. "ஆருமில்லீங்க. கொஞ்சம் தள்ளிப் போங்க."

"யாருமே இல்லீங்களா? நல்லாத் தெரியுங்களா?"

"நாப்பது வருசமாப் பூட்டிக் கெடக்குதுங்க தாயி. நகருங்க, வெளிச்சம் போகுது."

பொய் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. அந்த வீட்டு டீ வயிற்றில் சூடாக இருக்கும்போதே, உள்ளே மனிதர்கள் இருப்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. தன் படத்தின் கீழே போட்டிருந்ததை அவரே நம்பிவிட்டார். சரி, அவருக்கு மறந்தது, நீ பக்கத்தில் குடையோடு நின்றாயே, உனக்கு வாயில்லையா என்று கேட்பீர்கள். வாய் இருந்தது. கையில் தாளோடு வந்தவர் யார் என்றும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்த ஜன்னலில் அப்போதுதான் சூரியன் நுழைந்துகொண்டிருந்தது. எனக்கும் அது போய்விடக் கூடாது என்றிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மாள் காலண்டர் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துத் திரும்பினார். நாலு எட்டு வைத்திருப்பார். குழாய் சீறியது.

கதவு படீரென்று திறந்தது. இரண்டு குடங்களோடு ரிஃபானா பாய்ந்து வந்து ஒன்றைக் குழாயடியில் வைத்தாள்.

"கண்ணு, நிக்காத! நடந்துட்டே இரு!" என்று அலறினார் கிருபாசங்கர்.

"கொடம் நெறையற வரைக்கும் நின்னுதானுங்க ஆகணும்" என்றாள் அவள், திரும்பாமலே.

அந்த அம்மாள் நின்றார். திரும்பி வந்தார். "நீ ரிஃபானாதானே?"

பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமாங்க மாமி."

"இந்த வீட்ல யாருமே இல்லைன்னாரே இவரு?"

"நடந்தா அவரு கேமராவுக்கு நாங்க தெரிய மாட்டோமுங்க. தெரிஞ்சுட்டா படம் கெட்டுப்போயிருமாம். அதனாலதான் இவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம்."

மாப்பிள்ளையின் தாயார் காலண்டர் தாளை எடுத்து விரித்தார். வீட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பிறகு மகளைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு, விறுவிறுவென்று போய், வாசற்படியின் நட்டநடுவில் ஏறி, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, கேமராவுக்கு நேராக நின்றார்.

"இப்ப எடுங்க. நான் நடக்கறதா இல்லை."

"தாயி, படம் ஓடிட்டிருக்குதுங்க!"

"ஓடட்டும்."

சத்தம் கேட்டு சாஜிதா பேகம் வெளியே வந்தார். வாசற்படியில் சம்பந்தியம்மாள். உள்ளே கூப்பிடுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் அவரும் பக்கத்தில் நின்றுவிட்டார். ரிஃபானா குடத்தருகில் நின்றாள். மூன்று பேரும் அசையவில்லை. கிருபாசங்கர் கையைப் பிசைந்துகொண்டு வானத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்ததில், லென்ஸின் மூடியைப் போடவே மறந்துவிட்டார். வெயில் வந்து முகத்தில் அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் குடம் நிறைந்து வழிந்து, மாப்பிள்ளையின் தாயாரே இறங்கி வந்து அடுத்த குடத்தை எடுத்து வைத்தார். எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் தட்டிலேயே கிடந்தது. அது இனி யாருக்கும் தேவைப்படவில்லை.

நோன்புக்கு ஐந்து நாள் முன்பு கல்யாணம் நடந்தது. கிருபாசங்கரையும் அழைத்தார்கள், இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். அவர் விடியற்காலை ஐந்தரைக்கே வந்து, மண்டபத்து வாசல் வளைவையும், அதன் மேலிருந்த சிமெண்டு மயில்களையும் முப்பத்தாறு படம் எடுத்து முடித்துவிட்டார். பெண்ணை ஒன்றே ஒன்று எடுத்திருக்கக் கூடாதா என்று சாஜிதா பேகம் கேட்டதற்கு, "ஆளுக வர்றதுக்குள்ள வேலைய முடிச்சுட்டனுங்க" என்றார். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். மெட்ராசில் பரிசு கிடைத்தது. கேடயம் அவருடைய பச்சைச் சுவரில் இருக்கிறது.

வாசலில் மூன்று பெண்கள் நின்ற அந்தப் பிலிமை அவர் கழுவிப் பார்த்துவிட்டு, சங்கத்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வெளிச்சம் மிஞ்சிப்போய்ச் சுவரெல்லாம் வெளுத்துவிட்டது. காரை பெயர்ந்த இடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. வேலன் வந்து அடிக்க வேண்டிய வெள்ளையைப் பிலிமே அடித்துவிட்டது. இருட்டு வாசலில் அந்த மூன்று பேர் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள். அதற்கு நான் தலைப்பு எதுவும் வைக்கவில்லை.

நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். கேமராவை வருஷத்துக்கு ஒருமுறைதானே தொடுகிறீர்கள், அதுவும் சுற்றுலா போகும்போது. போன வருஷம் போன ஊரில், "கொஞ்சம் தள்ளி நில்லு, கோபுரம் மறைக்குது" என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னது நீங்கள் தானே? அந்த ஜனவரித் தாளைக் கிழித்து, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "என்ன ஒரு அமைதி பாருங்க" என்று சொன்னதும் யாரோ இல்லையே? ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "இதில் நீ எத்தனை படத்தில் இருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டுவிட்டேன். உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் அவர் அப்போதும் நடந்துகொண்டுதான் இருப்பார்.